முதுகுவலியும் முள்ளெலும்புத் தட்டும்

குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார். இடுப்பில் ‘சுரீர்’ என்றது. நிமிர முடியவில்லை. இருவர் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினர். இத்தகைய நிகழ்ச்சி நேராத குடும்பம் நம்மிடையே அரிது. செய்தி கேட்டு வருவோருள் ஒருவர், “டிஸ்க் விலகிவிட்டது” என்பார். மற்றொருவர், “எலும்பு தேய்ந்துவிட்டது” என்பார். மூன்றாமவர், “வாயுப் பிடிப்புத்தான்” என்று தைலப் புட்டியை நீட்டுவார். படுத்திருப்பவரோ, “நாள்தோறும் தூக்குகிற வாளிதானே! இன்று மட்டும் என்ன நேர்ந்தது?” என்று திகைப்பார்.

அவருடைய திகைப்பு நியாயமானது. 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இடுப்புவலியால் துன்புற்றனர் என்று கணக்கிட்டுள்ளனர். மனிதனை முடக்கிப்போடும் நோய்களின் வரிசையில் இதுவே முதலிடம் வகிக்கிறது. இதனால் சாவு நேர்வதில்லை. ஆனால் கூலி வேலைக்குச் செல்பவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் அந்த வீட்டின் அடுப்பு அணைந்துவிடும். இவ்வலியின் காரணத்தைத் தவறாக உணர்ந்தோர் இருவகையாகக் கெடுகின்றனர். சிலர், “என் முதுகு தேய்ந்துபோயிற்று, இனி அசையக் கூடாது” என்று அஞ்சித் தம்மைத் தாமே நோயாளியாக்கிக் கொள்கின்றனர். வேறு சிலர், “உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது” என்று அளவற்ற சுமையைத் தாமும் ஏற்றுப் பிறர்மீதும் ஏற்றுகின்றனர். உண்மை இவ்விரண்டிற்கும் நடுவே இருக்கிறது. அதனை ஒழுங்காக ஆராய்வோம்.

தட்டின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையத்தக்க முள்ளெலும்புகள் 24 ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றின் கீழ், ஒன்றோடொன்று ஒட்டிப்போன சிற்றெலும்புகள் உள்ளன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்திருப்பவையே தட்டுகள். இவற்றைத்தான் மக்கள் ‘டிஸ்க்’ என்கின்றனர். தலையோட்டின் அடியிலும், கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலும் தட்டு கிடையாது. ஏனைய இடங்களில் மொத்தம் 23 தட்டுகள் உள்ளன. இடுப்பிலுள்ள ஒரு தட்டின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அகலம் நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர்.

ஒவ்வொரு தட்டிலும் மூன்று உறுப்புகள் உண்டு. நடுவில் கூழ் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. இளமையில் அதில் ஐந்தில் நான்கு பங்கிற்குமேல் நீரே. புரோட்டியோகிளைக்கான் என்னும் பொருள் அந்நீரை ஈர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கூழைச் சுற்றி நார்வளையம் உள்ளது. கொலாஜன் நார்களாலான 15 முதல் 25 அடுக்குகள் இதில் காணப்படும். ஓர் அடுக்கின் நார்கள் வலப்புறம் சாய்ந்தால், அடுத்த அடுக்கின் நார்கள் இடப்புறம் சாயும். மேலும் கீழும், எலும்பை ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடைய குருத்தெலும்புத் தகடு மூடிபோல் அமைந்திருக்கிறது. இதனை மூடுதகடு என்போம்.

லாரியின் சக்கரத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உள்ளே அடைத்த காற்று சுமையைத் தாங்குகிறது. வெளியே நூலடுக்குகளால் வலுவூட்டப்பட்ட இரப்பர், அக்காற்று பிதுங்காமல் இழுத்துப் பிடிக்கிறது. தட்டில் காற்றுக்கு மாறாக நீர் நிறைந்த கூழ் இருக்கிறது. கூழில் அழுத்தம் குறையாதிருக்கும் வரையில் பாரம் தட்டு முழுவதும் சமமாகப் பரவும்.

பகலெல்லாம் நிற்பதாலும் நடப்பதாலும் தட்டுகளிலிருந்து சிறிது நீர் பிழியப்படுகிறது. இரவில் படுத்திருக்கையில் அது மீண்டும் ஊறுகிறது. ஆகவேதான் காலையில் அளந்த உயரத்தைவிட மாலையில் நாம் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறோம். எடையற்ற விண்வெளியில் தங்கும் விண்வெளி வீரர்கள் ஐந்து சென்டிமீட்டர் வரையில் உயர்ந்துவிடுவதும் இதனாலேயே.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். வளர்ந்த மனிதனின் தட்டினுள் இரத்தக் குழாய்கள் கிடையா. மனித உடலில் இரத்தமின்றி வாழும் உறுப்புகளுள் இதுவே பெரியது. அருகிலுள்ள எலும்பிலிருந்து மூடுதகட்டின் வழியாகக் கசிந்து வரும் ஊட்டமே தட்டின் உணவு.

தட்டின்மேல் ஏறும் பாரம்

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் தட்டினுள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். அதன்பின் 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்பவரும் அவருடைய குழுவினரும், விருப்பத்தோடு முன்வந்த ஒருவரின் இடுப்புத் தட்டில் நுண்ணிய கருவியொன்றைப் பதித்து, ஒரு நாள் முழுவதும் அவர் செய்த செயல்களை அளந்தனர். ஒரே மனிதரிடம் எடுத்த கணக்கு எனினும், அது கற்பிப்பது மிகுதி. படுத்திருக்கையில் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல்; நிற்கையில் 0.5. இருபது கிலோ எடையை உடலோடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1; அதே எடையை மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8; முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3. காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 0.2 மெகாபாஸ்கல்தான். அதைப் போலப் பத்து மடங்கிற்கும் மேலான அழுத்தத்தை, ஒரு சிறு மூட்டையைக் குனிந்து தூக்கும் பொழுதில் நம் தட்டு தாங்குகிறது.

இருபது கிலோ எப்படி இத்துணைப் பெரும் பாரமாகிறது? கடப்பாரையால் கல்லை நெம்புவோரை நாம் கண்டிருக்கிறோம். கல் இருக்கும் பக்கம் குட்டை. கை இருக்கும் பக்கம் நெடிது. ஆதலால் சிறு வலிமை பெருங்கல்லைப் புரட்டுகிறது. முதுகிலோ இது தலைகீழாக அமைந்துள்ளது. சுமை தட்டிற்கு முன்னே 40 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். அதனை ஈடுசெய்து இழுக்கும் முதுகுத் தசைகள் தட்டிற்குப் பின்னே ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் தொலைவில்தான் உள்ளன. ஆகவே சுமையின் எடையைப் போல் எட்டு மடங்கு, அதாவது 160 கிலோவுக்கு ஈடான விசையோடு அத்தசைகள் இழுக்க வேண்டும். குனிந்த மேலுடம்பின் எடையைத் தாங்குவதற்கும் தனியே இழுக்க வேண்டும். இவ்விழுப்பு முழுவதும் தட்டைத்தான் நெருக்குகிறது. சுமையை 20 சென்டிமீட்டருக்கு அருகே கொணர்ந்தால் 160 என்பது 80 ஆகக் குறையும். சுமையின் எடையோடு அதன் தொலைவும் சேர்ந்தே முதுகைச் சோதிக்கிறது.

காயம் நேரும் வழிகள்

தட்டு இருவழிகளில் காயமுறுகிறது.

முதலாவது, மேலிருந்து நேரே அழுத்தும் பாரத்தால் நேர்வது. படிக்கட்டில் வழுக்கி உட்கார்ந்தவாறே விழுதல், உயரத்திலிருந்து குதித்தல், தாங்கொணாச் சுமையைத் திடீரென ஏற்றல் ஆகியவை இவ்வகையின. இத்தகைய பாரத்தில் முதலில் உடைவது நார்வளையம் என்று பலர் எண்ணலாம். அவ்வாறன்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் முதுகெலும்புகளை ஆராய்ந்த ஷ்மோர்ல், தட்டின் கூழ் மூடுதகட்டைத் துளைத்து எலும்பினுள் புகுந்திருப்பதை 1920-களில் விளக்கினார். பின்னர் ஆய்வுக்கூடங்களில் முள்ளெலும்புகளை நெருக்கிப் பார்த்தபோதும் மூடுதகடே முதலில் விரிசல் கண்டது. ஊட்டம் கசிந்து செல்ல வேண்டுமாதலால் அது மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லியதாக இருப்பதாலேயே எளிதில் உடைகிறது.

அவ்விரிசல் சிறிதாயினும் விளைவு பெரிது. கூழ் பரவுவதற்குச் சற்றே அதிக இடம் கிடைத்துவிடுகிறது. அதனால் உள்ளழுத்தம் தாழ்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மைக்கேல் ஆடம்ஸும் அவருடைய தோழர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. இறந்தோரின் முதுகெலும்புப் பகுதிகளில் மூடுதகட்டிற்குச் சிறு சேதம் விளைவித்தனர். உடனே கூழின் அழுத்தம் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நார்வளையத்தின் மீது, குறிப்பாக அதன் பின்புறத்தில், நெருக்கம் கூடிற்று. காற்று குறைந்த சக்கரத்தை ஓட்டினால் அதன் பக்கச் சுவர் மடிந்து கிழிவதைப் போல, பாரம் இப்போது நார்களின்மேல் விழுந்து, அடுக்குகள் உட்புறமாக மடங்கிச் சிதைகின்றன.

இரண்டாவது வழி, வளைதலும் அழுத்தமும் ஒருங்கே சேர்வது. முழுவதும் குனிந்த நிலையில் நார்வளையத்தின் பின்பகுதி நீண்டு மெலிகிறது. அந்நிலையில் பெரும்பாரம் ஏறினால் கூழ் பின்னோக்கித் தள்ளப்பட்டு நார்களைக் கிழிக்கிறது. ஆடம்ஸும் ஹட்டனும் 1982-இல் இதனை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்திக் காட்டினர். கூழ் பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பை நெருக்கினால் பிட்டத்திலிருந்து பாதம் வரை மின்னல்போல் இழுக்கும் வலி உண்டாகும். இதைத்தான் சயாட்டிகா என்கிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள் 1934-இல் வெளியிட்ட கட்டுரையே இவ்வுண்மையை உலகறியச் செய்தது. அதற்கு முன்னர், நரம்பை நெருக்கும் அத்துண்டினைக் கட்டி என்றே கருதி வந்தனர். ‘டிஸ்க் விலகுதல்’ என்று நாம் சொல்வது சரியான சொல்லன்று. தட்டு இரு எலும்புகளோடும் இறுகப் பிணைந்திருப்பதால் நழுவி விலகாது. அதன் கூழும் நாரும் பிதுங்குவதே உண்மை.

இவ்விரு வழிகளிலும் காயம் ஒரே அடியில் நேர வேண்டும் என்பதில்லை. இரும்புக் கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும். அவ்வாறே, தனித்து நோக்கினால் தீங்கற்ற பாரமும் ஆயிரக்கணக்கான முறை ஓய்வின்றித் தொடர்ந்தால் நுண்ணிய விரிசல்களைப் பெருக்கும்.

இறந்த எலும்பில் கண்டது உயிருள்ள உடலுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், ஆடுகளின் நார்வளையத்து வெளிப்பகுதியை மட்டும் கீறிவிட்டு, உட்புறக் கூழைத் தொடாமல் விட்டனர். 1990-இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு யாது? வெளிக்காயம் மேலெழுந்தவாரியாக ஆறிற்று. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல உள்ளிருந்த நார்களும் கூழும் சீர்கெட்டன. சுவீடனில் பன்றிகளின் மூடுதகட்டில் சிறு துளையிட்டபோது, மூன்று மாதங்களில் அடுத்திருந்த தட்டின் கூழ் தன் அழுத்தத்தையும் நீரையும் இழந்தது. காயம் முன்னே வருகிறது, சீர்கேடு பின்னே தொடர்கிறது என்பது இவற்றால் பெறப்படுகிறது.

காயம் ஏன் ஆறுவதில்லை?

கை எலும்பு முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடுகிறது. தோல் கிழிந்தால் சில நாள்களில் மூடிக்கொள்கிறது. தட்டிற்கு மட்டும் ஏன் இந்த வறுமை? இரத்தம் இல்லாததே தலையாய காரணம். பழுது பார்க்கும் உயிரணுக்கள் அங்கே மிகச் சிலவே. அவையும் குறைந்த உணவில் மெல்ல வாழ்கின்றன. நார்வளையத்துக் கொலாஜன் முழுவதும் பழையது கழிந்து புதியதாக மாற நூறாண்டுக் கணக்கில் காலம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இவ்வுயிரணுக்கள் மிதமான அழுத்தத்தில்தான் தம் வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. அழுத்தம் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும், நீரைப் பிடிக்கும் பொருளை ஆக்குவதைக் குறைத்து, உள்ளதையும் கரைக்கத் தலைப்படுகின்றன. காயமுற்ற தட்டிலோ கூழில் அழுத்தம் குறைவு. நார்வளையத்தில் அழுத்தம் மிகுதி. எங்கும் நடுநிலை இல்லை. ஆகவே பழுது பார்க்க வேண்டிய உயிரணுக்களே பழுதைப் பெருக்குகின்றன. இச்சுழலில் சிக்கிய தட்டு ஆண்டுதோறும் உலர்ந்து, உயரம் குன்றி, விரிசலுற்றுப் போகிறது.

‘தேய்மானம்’ என்று நாம் வழங்கும் சொல் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. செருப்பு நடக்க நடக்கத் தேயும். நடக்காமல் வைத்திருந்தால் தேயாது. தட்டு உயிருள்ள உறுப்பு. அளவான உழைப்பு அதற்கு வேண்டும். உழைப்பே இன்றிக் கிடப்பதும் அதற்குக் கேடே.

பரம்பரையா, பாரமா?

இங்கே ஒரு வலுவான மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். “என் தந்தை வாழ்நாள் முழுவதும் மூட்டை சுமந்தார், அவருக்கு முதுகுவலி வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன், எனக்கு வந்துவிட்டதே!” என்று சிலர் கேட்பர்.

பின்லாந்து நாட்டில் இக்கேள்வியை நேர்மையாக ஆராய்ந்தனர். உருவொத்த இரட்டையரான ஆண்கள் 115 இணைகளின் முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் ஒப்பிட்டு 1995-இல் முடிவுகளை வெளியிட்டனர். இடுப்பின் மேற்பகுதித் தட்டுகளில் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் 7 விழுக்காட்டைத்தான் உடலுழைப்பின் பாரம் விளக்கிற்று. வயதையும் சேர்த்தால் 16 விழுக்காடு; ஒரே குடும்பத்தில் பிறந்து வளர்ந்ததையும் சேர்த்தால் 77 விழுக்காடு. மிகுதியாக வலி தோன்றும் கீழ்ப்பகுதித் தட்டுகளில் இவ்வெண்கள் முறையே 2, 9, 43. பின்னர் 2002-இல், வாழ்நாள் முழுவதும் வண்டியோட்டிய ஒருவரையும் அத்தொழில் செய்யாத அவருடைய இரட்டையரையும் இணை இணையாக ஒப்பிட்டனர். தட்டுகளின் நிலையில் வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியானால் காயத்தைப் பற்றி மேலே கூறியவை வீணா? இல்லை. காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு சுவர் இடிந்து விழுகிறது. மழை பெய்ததால் விழுந்தது என்கிறோம். சாந்து கலந்ததில் குறை இருந்ததால் விழுந்தது என்றும் சொல்கிறோம். இரண்டும் உண்மை. சாந்தின் குறை சேய்மைக் காரணம். மழை அண்மைக் காரணம். நம் தட்டின் நாரும் கூழும் எத்துணை வலிமையுடன் அமைய வேண்டும் என்பதைப் பெற்றோரிடமிருந்து வந்த மரபுப் பண்பு பெரிதும் முடிவு செய்கிறது. வயது அவ்வலிமையை மெல்லக் குறைக்கிறது. புகைபிடித்தல் மேலும் குறைக்கிறது. இவ்வாறு நலிந்த தட்டில் எந்த இடத்தில், எந்த நாளில் விரிசல் விழும் என்பதைப் பாரம் முடிவு செய்கிறது. வலிமையுள்ள தட்டைக் காயப்படுத்தப் பெரிய விபத்து வேண்டும். நலிந்த தட்டிற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்.

பாரம் எல்லை மீறினால் அது தன் தடத்தை விட்டே தீரும் என்பதற்கும் சான்று உண்டு. சுவீடன் நாட்டின் தலைசிறந்த ஆண் உடற்பயிற்சி வித்தையர் 24 பேரை ஸ்கேன் செய்து 1991-இல் வெளியிட்டனர். அவர்களுள் 75 விழுக்காட்டினரிடம் தட்டுகளின் சீர்கேடு காணப்பட்டது. விளையாட்டில் ஈடுபடாதவரிடையே அது 31 விழுக்காடு. இளமையிலிருந்தே உயரத் தாவிக் குதித்து, முதுகைப் பலவாறாக வளைத்த உடல்கள் அவை.

வலி எங்கிருந்து வருகிறது?

தட்டு சீர்கெட்டால் வலி வந்தே தீருமா? இதற்கு விடை ஆறுதல் தருவது. நலமான தட்டின் வெளிப்புற அடுக்குகளில் மட்டுமே நரம்பு இழைகள் உள்ளன, நடுக்கூழில் இல்லை. அமெரிக்காவில் உணர்விழக்கச் செய்யாமல், அறுக்கும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை நடத்தியபோது, எந்தத் திசுவைத் தொட்டால் வலிக்கிறது என்று நோயாளிகளையே கேட்டறிந்து 1991-இல் எழுதினர். நார்வளையத்தின் வெளிப்புறத்தைத் தொட்டபோது பலருக்குப் பழகிய அதே இடுப்புவலி எழுந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆய்ந்தோர், வலி தரும் சீர்கெட்ட தட்டுகளில் நரம்பிழைகள் விரிசல்களின் வழியே உள்நோக்கி வளர்ந்திருப்பதை 1997-இல் கண்டனர். வலியின் வழி இதனால் ஓரளவு புலனாகிறது.

ஆயினும் எல்லாச் சீர்கேடும் வலிப்பதில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994-இல் வெளியிட்டபோது, அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தட்டு புடைத்திருந்தது. எல்லாத் தட்டுகளும் குறையற்றிருந்தோர் 36 விழுக்காட்டினரே. வலியில்லாதோர் 3,110 பேரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, இருபது வயதினருள் 37 விழுக்காட்டினரிடமும், எண்பது வயதினருள் 96 விழுக்காட்டினரிடமும் தட்டுச் சீர்கேடு காணப்படுகிறது. நரையும் திரையும் போல இதுவும் வயதின் அடையாளமாகவே பலரிடம் அமைகிறது. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் ‘டிஸ்க் தேய்வு’ என்று எழுதியிருப்பதைக் கண்ட அளவில் வாழ்வே முடிந்ததென மனம் ஒடிய வேண்டியதில்லை. படத்தில் தெரிவதே வலிக்குக் காரணமா என்பதை நோயாளியைச் சோதித்தறிந்த மருத்துவரே சொல்ல வல்லவர்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றினின்று நடைமுறைக்கு உதவும் சில முடிவுகள் கிடைக்கின்றன.

1. சுமையை உடலோடு ஒட்டித் தூக்குக. கைகளை நீட்டித் தூக்குவதும், தூக்கியவாறே இடுப்பைத் திருகுவதும் தவிர்க்கத் தக்கன. திரும்ப வேண்டுமாயின் கால்களை எடுத்து வைத்துத் திரும்புக.

2. படுக்கையை விட்டு எழுந்தவுடன் குனிந்து சுமை தூக்காதீர். இரவில் நீர் ஊறிப் புடைத்திருக்கும் தட்டு, விடியற்காலையில் குனியும்போது, பிற்பகலில் தாங்குவதைவிடப் பல மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. காலை நேரத்தில் குனிவதைக் குறைத்துக்கொண்ட நாட்பட்ட நோயாளிகளுக்கு வலி தணிந்தது என்று 1998-இல் அமெரிக்காவில் கண்டறிந்தனர். கோலமிடுவதையும் குடம் தூக்குவதையும் சற்று நடமாடியபின் செய்யலாம்.

3. நெடுநேரம் குனிந்தோ கூனி உட்கார்ந்தோ இருந்தபின் உடனே பாரம் தூக்காதீர். முதுகைக் காக்கும் தசைகள் அப்போது விழிப்புக் குன்றியிருக்கும். நிமிர்ந்து சில நிமிடங்கள் நடந்தபின் தூக்குக.

4. கடும் உழைப்பில் படிப்படியாக இறங்குக. புதிதாகச் சுமை தூக்கும் வேலைக்கு வரும் இளைஞனின் தசைகள் சில வாரங்களில் வலுப்பெறும். இரத்தமற்ற தட்டோ அவ்வேகத்தில் வலுப்பெறாது. தசையின் துணிவை நம்பித் தட்டின் எல்லையை மீறுவதே பலருக்கு முதற்காயம்.

5. வலி வந்தபின் நெடுநாள் படுத்துக் கிடக்காதீர். இரண்டு நாள் படுக்கையும் ஏழு நாள் படுக்கையும் ஒரே பயனையே தருகின்றன என்று 1986-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. இயன்ற அளவு அன்றாடப் பணிகளைச் செய்துவந்தோர், படுத்திருந்தோரைவிட விரைவில் நலம் பெற்றனர் என்று 1995-இல் ஹெல்சிங்கி நகரில் கண்டனர். பிதுங்கிய கூழும் பலருக்கு மாதங்கள் செல்லத் தானே சுருங்கிவிடுகிறது.

6. சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்க. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைபடுதல், உட்காரும் பகுதி மரத்துப்போதல், காலில் வலிமை குறைந்துகொண்டே வருதல், காய்ச்சலோடும் காரணமற்ற உடல் மெலிவோடும் கூடிய முதுகுவலி, முதியோர் விழுந்தபின் வரும் கடும்வலி ஆகியவை அவை. இவற்றுக்கு எண்ணெய் தேய்ப்பதும் முதுகில் மிதிக்கச் சொல்வதும் பெருந்தீங்கு விளைவிக்கும்.

மூட்டையின் எடை

தனி மனிதர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவர் கையில் இல்லாத ஒன்று உண்டு. அது மூட்டையின் எடை. பன்னாட்டுத் தொழில் அமைப்பு, வயதுவந்த ஆண் சுமக்கத்தக்க பேரெல்லையாக 55 கிலோவை 1967-இல் பரிந்துரைத்தது. முதுகைப் பற்றிய அறிவு வளர்ந்தபின், 1991-இல் அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் வகுத்த கணக்கில், எல்லா நிலைகளும் சாதகமாக அமைந்தாலும் 23 கிலோவே எல்லை எனக் கொள்ளப்பட்டது. நம் நாட்டில் ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. வீட்டிற்கு வரும் சமையல் எரிவாயு உருளையில் வாயு 14.2 கிலோ, இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதனை மாடிப்படிகளில் ஒருவரே தோளில் சுமந்து வருவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பிரிட்டனில் முன்னர் 50 கிலோவாக இருந்த சிமென்ட் மூட்டை இன்று 25 கிலோவாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதனால் அந்நாட்டில் கட்டடங்கள் எழாமல் நின்றுவிடவில்லை.

பரம்பரையை எவரும் மாற்ற இயலாது. வயதை எவரும் நிறுத்த இயலாது. முதுகுவலிக்குரிய காரணங்களுள் மனிதர் கைக்கு எட்டுபவற்றுள் சுமையும் ஒன்று. ஆதலால் அதன் பங்கு சிறிதே என்று தள்ளிவிடலாகாது. கூலிக்குச் சுமப்பவர் தமக்கு எந்த வலிமையுள்ள தட்டு வாய்த்திருக்கிறது என்பதை அறியார். சுமை ஏற்றுபவரும் அறியார். அறியாத ஒன்றின்மேல் பாரம் ஏற்றும்போது குறைத்து ஏற்றுவதே அறிவுடைமை. ஒருவர் தூக்குவதை இருவர் தூக்குவதும், பெரிய மூட்டையை இரண்டு சிறு மூட்டைகளாகக் கட்டுவதும், ஒரு தள்ளுவண்டி வாங்கித் தருவதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்களல்ல.

தொடக்கத்தில் வாளியைத் தூக்கிக் கட்டிலில் வீழ்ந்தவரிடம் இப்போது நாம் சொல்லத்தக்க விடை இதுவே: “அந்த வாளி உம்மைக் கெடுக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நீர் மறந்துபோன ஒரு நாளில், ஒரு சறுக்கலிலோ ஒரு பெருஞ்சுமையிலோ உம் தட்டு காயமுற்றிருக்கலாம். காயமே இன்றி, தசை பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். எதுவாயினும் பெரும்பாலோர்க்கு இவ்வலி சில வாரங்களில் தணியும். இரண்டு நாள் சென்றதும் மெல்ல எழுந்து நடமாடும். அடுத்தமுறை வாளியை அருகில் இழுத்து, பாதி நிரப்பித் தூக்கும்.”